முதலடி

தமிழில் ‘அடி’ என்னும் சிறிய சொல் தாங்கி நிற்கும் பொருள்கள் பல. பாதமும் அடி, பாதம் பெயர்த்து வைக்கும் எட்டும் அடி, மரத்தின் தூரும் அடி, செய்யுளின் வரியும் அடி, கோலெடுத்து விளாசுவதும் அடியே. இவற்றுள் பாதமும் எட்டும் விளாசலும் ஒரே நொடியில் ஒன்றாய்க் கூடும் இடமொன்று உண்டு. துயில் நீங்கி எழுந்து, பாயை விட்டு அகன்று, காலைத் தரையில் ஊன்றும் அந்த முதல் நொடியே அது. குதிங்கால் நோயுற்றாரைக் கேட்டால் தெரியும், அந்த முதலடி எத்தகைய அடி என்று. ஆணியின்மேல் ஏறி நின்றாற்போல் இருக்கும் என்பர் சிலர். கண்ணாடிச் சில்லை மிதித்தாற்போல் என்பர் வேறு சிலர். சுவரைப் பற்றிக்கொண்டு பத்தடி நடந்தபின் வலி மெல்ல விலகும். விலகியதும் மறந்துவிடுவர். மறுநாள் விடியலில் அது மறவாமல் வந்து நிற்கும்.

கெடா மாநிலத்தின் தென்பால், கூலிம் மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் பாடாங் செராய். மலாய் மொழியில் ‘பாடாங்’ என்பது திடல். ‘செராய்’ என்பது குழம்புக்கு மணமூட்டும் வாசனைப்புல். பெயரிலே புல் மணந்தாலும், ஊரைச் சுற்றி நெடுங்காலம் வளர்ந்து நின்றவை பால்மரங்களே. தோட்டமும், லயன் வீடும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும், ஆயாக்கொட்டகையுமாக வாழ்ந்த மக்களின் கதை பலரால் பலவாறாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுடைய கைகளைப் பற்றிப் பாடியோர் உண்டு. கண்ணீரைப் பற்றிப் பாடியோர் மிகுதி. கால்களைப் பற்றி, அதிலும் குதிங்காலைப் பற்றிப் பேசியோர் அருகியே இருப்பர்.

இத்துணைக்கும் தோட்டத் தொழிலின் பாரம் முழுவதையும் தாங்கியது அந்தக் குதிங்காலே ஆகும். விடியற்குமுன் குளிர் இருக்கும்போதே மரத்தைச் சீவினால்தான் பால் நன்கு இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆதலின் இருளிலேயே பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கை ஏற்றிக்கொண்டு நிரைக்குள் இறங்கியாக வேண்டும். ஒருவர்க்கு ஏறத்தாழ 500 மரங்கள். வெட்டுவதற்கு ஒரு சுற்று, மங்கில் வடிந்த பாலை எடுப்பதற்கு மறுசுற்று. ஆக, நாள்தோறும் ஆயிரம் முறை ஒரு மரத்தை அணுகி, ஆயிரம் முறை அதை விட்டு அகல வேண்டும். மேடும் பள்ளமும், வேரும் வழுக்கலும் நிறைந்த தரை. ஈற்றில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் நிறைந்த வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டோரை நோக்கி நடை. உடலின் எடையும் வாளியின் எடையும் சேர்ந்து, எட்டு வைக்குந்தோறும் முதலில் இறங்குவது குதிங்காலின் மீதே. காலில் இருந்ததோ தேய்ந்த கித்தாச் சப்பாத்து. அதுவும் இல்லாதார் வெறுங்காலினர். உலகத்தார் காலுக்கெல்லாம் காலணியாகும் பாலை வடித்தவர்க்கு நல்ல காலணி வாய்க்கவில்லை என்பதை வயிற்றெரிச்சலோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அத்தகைய தோட்டமொன்றில் பதினாறாம் வயதில் உளி பிடித்த ஓர் அம்மையார், இன்று பாடாங் செராயில் மலிவு விலை வீடொன்றில் வாழ்கிறார். 1970களில் அவர் இளந்தாய். நான்காம் பிள்ளை பிறந்தபின் உடல் சற்றுப் பருத்தது. அப்போதுதான் முதன்முதலாகக் குதிங்கால் குத்தத் தொடங்கியது. தோட்டத்து டிரசர் கொடுத்த மாத்திரையும் தைலமும் அன்றைக்கு மட்டும் கேட்டன. அவருடைய மாமியார் வேறொரு வழி காட்டினார். செங்கல் ஒன்றை அடுப்பில் இட்டுச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலைகளைப் பரப்பி, இலை வதங்கும் பதத்தில் குதிங்காலை வைத்து வைத்து எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இன்றுவரை வழங்கும் கைமருத்துவம் அது. அம்மையாருக்கு அது இதமாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, வலி முற்றும்போதெல்லாம் செங்கல் அடுப்பேறியது.

கைமருத்துவம் என்றவுடன் எள்ளி நகையாடுவது படித்தவரின் வழக்கமாகிவிட்டது. அஃது அத்துணை அறிவுடைமையன்று. வெப்பம் பட்டால் இறுகிய தசை தளரும். இரத்த ஓட்டம் பெருகும். வலி அப்போதைக்குத் தணியும். ஆயின் நோயின் வேர் அதனால் அறுபடாது. வேர் எங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டுமானால் பாதத்தின் அமைப்பைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

குதிங்கால் எலும்பின் அடிப்புறத்தினின்று புறப்பட்டு, உள்ளங்காலின் நெடுக ஓடி, விரல்களின் வேர்வரை சென்று பற்றும் தடித்த திசுப்பட்டை ஒன்று உண்டு. பாதம் வில்லாக வளைந்திருப்பதை நாம் காண்கிறோம். அந்த வில்லின் நாண் இப்பட்டையே. காற்பெருவிரலை மேல்நோக்கி வளைத்தால் நாண் இறுகி வில் உயரும். நடக்கையில் பின்கால் தரையைவிட்டு எழும்போதெல்லாம் நிகழ்வது இதுவே. 1954ஆம் ஆண்டில் ஹிக்சு என்னும் ஆங்கில மருத்துவர் இதனைக் கயிறு சுற்றி இழுக்கும் உருளைப்பொறியோடு ஒப்பிட்டு விளக்கினார். நாள்தோறும் பல்லாயிரம் முறை இழுபட்டுத் தளரும் இந்நாண், எலும்போடு பொருந்தும் இடத்தில் நுண்ணிய கிழிசல்களைப் பெறுகிறது. இரவில் நாம் உறங்கும்போது பாதம் தொங்கிக் கிடக்க, நாண் சுருங்கிய நிலையிலேயே ஆறத் தலைப்படுகிறது. காலையில் முதலடி வைத்தவுடன் உடலின் முழு எடையும் அதனைச் சட்டென்று இழுக்கிறது. ஆணி குத்துவது அப்போதுதான். நடந்து சூடேறியபின் நாண் இளகுகிறது, வலி ஒளிகிறது. நெடுநேரம் நின்றால் மாலையில் மீண்டும் தலைகாட்டுகிறது.

முன்பு இதனை வீக்கநோய் என்றே நினைத்தனர். அறுவையில் எடுத்த திசுக்களை நுண்ணோக்கியால் ஆய்ந்தவர்கள், அங்கே அழற்சியைக் காட்டிலும் தேய்மானத்தையே மிகுதியாகக் கண்டனர். பழங்கயிறு நைந்து போவதைப் போன்ற நிலை. கயிறு நைந்தால் எண்ணெய் பூசிப் பயனில்லை. மெல்ல மெல்ல முறுக்கேற்ற வேண்டும். இக்கருத்தை மனத்தில் இருத்திக் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அம்மையாரின் கடைசி மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியும் கடந்து, கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பூங்கா 1996ஆம் ஆண்டில் திறப்பு விழாக் கண்டது. தாய் இருளில் நெற்றி விளக்கோடு போனார். மகள் இருளில் தொழிற்சாலைப் பேருந்தில் போனார். தாய்க்கு மேடுபள்ளமான மண்தரை. மகளுக்கு வழவழப்பான கல்தளம். பன்னிரண்டு மணிநேர முறைவேலை, அதில் பெரும்பகுதி நிலையில் நின்றபடி. மண் கொஞ்சமேனும் நெகிழ்ந்து கொடுக்கும். சிமிட்டிக்கு அந்த இரக்கம் கிடையாது. நாற்பதை எட்டும் வேளையில் மகளுக்கும் முதலடி குத்தத் தொடங்கியது. குலச்சொத்தாக வேறொன்றும் வந்து சேராத குடும்பத்தில், இது மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

பட்டணத்துத் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் ஊடுகதிர்ப் படம் எடுத்தனர். குதிங்கால் எலும்பின் அடியில் கொக்கிபோல் ஒரு முள் துருத்தி நின்றது. ‘முள் வளர்ந்திருக்கிறது, அதுதான் குத்துகிறது’ என்று சொல்லப்பட்டது. கேட்டவர்க்கும் அது பொருத்தமாகவே பட்டது. முள் என்றால் குத்தத்தானே செய்யும்? உண்மை அத்துணை எளிதன்று. வலியே அறியாத பலருடைய காலிலும் படம் எடுத்துப் பார்த்தால் இம்முள் உண்டு. வலியால் துடிக்கும் பலருடைய காலில் இம்முள் இல்லை. நாண் பல்லாண்டு இழுத்த இழுப்பின் தழும்பு அது என்று கொள்ளலாமேயன்றி, வலியின் வாளென்று கொள்ளலாகாது. மகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. ஒரு மாதம் ஆனந்தம். பிறகு வலி திரும்பியது. இரண்டாம் ஊசி போடப்பட்டது. இவ்வூசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆயின் அடிக்கடி போட்டால் நாண் அறுந்துபோகும் இடருண்டு. குதிங்காலின் அடியில் இயற்கை வைத்துள்ள கொழுப்பு மெத்தை கரைந்துபோகும் இடரும் உண்டு. மூன்றாவது ஊசிக்குப் பணம் திரட்டும் வேளையில்தான் தாய் குறுக்கிட்டார்.

“ஊசியும் வேணாம், ஒன்னும் வேணாம். நான் பார்த்துக்கிறேன். இருபது வருசம் இந்த வலியோட பால் வெட்டினவ நான். இப்ப பாரு, நாலு வருசமா ஒரு குத்தல் இல்ல, ஒரு குடைச்சல் இல்ல. எல்லாம் முருகன் புண்ணியம்.”

இச்சொற்களை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அம்மையார் பொய் சொல்லவில்லை. நான்காண்டுகளாக அவருக்கு உண்மையிலேயே வலி இல்லை. அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது என்பதையும், மாத்திரையை நினைத்தபோது விழுங்கி நினையாதபோது விட்டுவிடும் வழக்கமுடையவர் என்பதையும் வீட்டார் அனைவரும் அறிந்திருந்தனர். ஆயின் இவ்விரண்டு செய்திகளையும் ஒருசேர நிறுத்திப் பார்த்தவர் அவ்வீட்டில் ஒருவருமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மையார் எருக்கிலை பறித்து வந்தார். லயன் வீட்டு விறகடுப்பு எப்போதோ போய்விட்டமையால் எரிவாயு அடுப்பிலேயே செங்கல் காய்ந்தது. இலையைப் பரப்பி, மகளை நாற்காலியில் அமர்த்தி, “வையடி காலை” என்றார். மகள் வைத்த மாத்திரத்தில் அலறிக்கொண்டு காலை இழுத்துக்கொண்டார்.

“அம்மா, கொதிக்குதும்மா! ஆறட்டும், இருங்க!”

“சூடு ஏறினாத்தானேடி வாதம் இறங்கும்? இது ஒரு சூடா? இங்க பாரு.”

சொல்லிக்கொண்டே அம்மையார் தம் வலக்காலை அச்செங்கல்லின்மீது ஊன்றினார். ஊன்றியவர் எடுக்கவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்தபடி, தம் மாமியார் காலத்துக் கதை ஒன்றைத் தொடங்கினார். மகள் முதலில் வியந்தார். பிறகு மூக்கில் ஏதோ பட்டது. வதங்கும் இலையின் வாடை அன்று அது. ஓடிவந்து தாயின் காலைப் பற்றித் தூக்கியபோது, குதிங்காலின் தோல் செங்கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மையார் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் மகள் அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தில் கெடாவை விட்டுச் சற்றே கடல் கடந்து வேலூருக்குச் செல்வது தகும். கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு, ஆங்கிலச் சமயப் பணியாளர்க்கு மகனாய்ப் பிறந்தவர் பால் பிராண்டு. இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயால் தாமே அழுகி உதிர்கின்றன என்றே யாவரும் நம்பினர். பிராண்டு அதனை மறுத்தார். நோய் நரம்பை மரக்கச் செய்கிறது. மரத்த காலில் முள் தைத்தாலும், நெருப்புப் பட்டாலும், செருப்பு அறுத்தாலும் உணர்வில்லை. உணர்வில்லாமையால் புண்ணின்மேலேயே நாளெல்லாம் நடக்கின்றனர். அந்த நடையே காலைத் தின்கிறது என்று நிறுவினார். மரத்த பாதங்களுக்கென்று, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற கித்தாவால் செருப்புகள் வேலூர்ப் பகுதியில் உருவாக்கப்பட்டன. கித்தா மரத்து மக்களாகிய நமக்கு இச்செய்தி தனிச்சுவை உடையது.

அப்பெருமகனார் வாழ்வில் குதிங்காலைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1950களில் ஒருமுறை, காய்ச்சலோடு கப்பலில் இங்கிலாந்து சேர்ந்து, நெடுநேரம் புகைவண்டியில் பயணம் செய்து, இரவு தம் அறையில் காலுறையைக் கழற்றினார். குதிங்காலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. பல்லாண்டு தொழுநோயாளரிடையே பழகியவருக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றாகத்தான் தோன்றியது. இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்தார். விடிந்ததும் அஞ்சி அஞ்சி மீண்டும் ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீரென்று வலித்தது. அந்த வலியில் அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. வண்டியில் ஒரே நிலையில் அமர்ந்திருந்தமையால் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவே. பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, தொழுநோயாளர் பாதத்தைக் காக்கக் கற்ற பாடங்களை நீரிழிவாளர் பாதத்திற்கும் பொருத்திக் காட்டினார். 2003இல் மறைந்தார். 1993இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு வலியைக் கொடை என்று பொருள்படும் தலைப்பே இடப்பட்டது.

பாடாங் செராய் அம்மையாரின் காலுக்கு வருவோம். நீரிழிவு நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருந்தால், உடலிலேயே மிக நீண்ட நரம்புகளின் நுனியைத்தான் முதலில் தாக்கும். அந்நுனி இருப்பது பாதத்தில். தொடக்கத்தில் எரிச்சலும் எறும்பூர்தலும் தோன்றலாம். பிறகு அவையும் ஓய்ந்து பஞ்சின்மேல் நடப்பது போன்ற ஒரு நிலை வரும். மக்கள் அதனைக் குணமென்று கொள்வர். அம்மையாருக்கு வந்தது அந்தக் ‘குணமே’. முருகன் மீது பழி போடுதல் ஆகாது.

மகள் தாயைக் கூலிம் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அங்கே ஒரு தாதி, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையக்கூடிய மெல்லிய நைலான் இழையை எடுத்து, அம்மையாரைக் கண்களை மூடச்சொல்லி, உள்ளங்காலில் இடம்மாற்றி இடம்மாற்றி ஊன்றினார். தொடும்போதெல்லாம் ‘ஆம்’ எனச் சொல்லவேண்டும். அறையில் நெடுநேரம் அமைதி நிலவியது. “எப்ப தொடப் போறாங்க?” என்று அம்மையார் மகளைக் கேட்டபோது சோதனை முடிந்திருந்தது.

புண் ஆற நான்கு மாதங்களுக்கு மேலாயின. குதிங்காலின் மீது எடை விழாதவாறு சிறப்புக் காலணி அணிந்து, நாள் தவறாமல் கட்டு மாற்றி, சர்க்கரையை ஊசிமருந்தால் அடக்கி, ஒருவாறு கால் தப்பியது. தப்பாத கால்கள் எத்தனையோ. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நிகழ்ந்த நாடளாவிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. நம்மவரிடையே அவ்விகிதம் ஏனை இனத்தாரினும் மிகுதி. வள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதைத் திறந்து பார்த்தால் மருந்தின் பெயர் ஒன்றுகூடக் கிடையாது, பெரும்பகுதியும் அளவறிந்து உண்பதைப் பற்றியதே. அவ்வதிகாரத்தைத் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு, உணவு வேளையில் பாலூற்றிய இனிப்புத் தேநீரோடு மூன்று பலகாரம் உண்ணும் ஆசிரியர்களும் நம்மிடையே இருக்கவே செய்கின்றனர்.

நீரிழிவுடையார் செங்கல்லையும், வெந்நீரையும், ஒற்றடப் பையையும் பாதத்தருகே கொண்டுசெல்லவே கூடாது. நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாமல் முழங்கையால் அறிதல் வேண்டும். நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்தல் வேண்டும்; குனிய இயலாதார் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பித்தவெடிப்பு என்று நாம் அசட்டையாய் விடும் குதிங்கால் பிளவும் இவர்க்கு நஞ்சு புகும் வாயிலாகும். சப்பாத்தை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்ப்பதும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடவாதிருப்பதும் நலம். தைப்பூசத்தன்று உருகும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நேர்த்திக்கடன் செலுத்துவோருள் நீரிழிவுடையோர் இருப்பின், அவர்தம் பிள்ளைகளேனும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

மகளின் கால் என்னவாயிற்று? தாய்க்குக் கட்டு மாற்றப் போய்வந்த நாள்களில் ஒன்றில், அதே மருத்துவமனையின் உடலியக்கப் பயிற்சியாளரிடம் அவரும் தம் காலைக் காட்டினார். அவர் ஊசியும் தரவில்லை, மாத்திரையும் தரவில்லை. படுக்கையை விட்டு இறங்குமுன் செய்யவேண்டியதொன்றைச் சொல்லித் தந்தார். நோகும் காலை மற்றக் காலின் முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் பற்றி முழந்தாளை நோக்கி வளைக்க வேண்டும். உள்ளங்காலில் நாண் இறுகி நிற்பதைக் கட்டைவிரலால் தொட்டு அறியலாம். பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து முறை செய்தல். நாளைக்கு மூன்று வேளை. முதலடிக்கு முன்னரே நாணை இணக்கிவிட்டால் அந்த ஆணி அத்துணை ஆழமாய் இறங்காது. அடுத்து, சுவரில் கையூன்றி ஒரு காலைப் பின்னே நீட்டிக் குதிங்கால் எழாமல் நின்று, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. கெண்டைத் தசை இறுகியிருப்போர்க்கே குதிங்கால் நோய் மிகுதியாய் வருகிறது.

சில வாரங்களுக்குப் பின் மூன்றாவதொன்று சேர்ந்தது. படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, விரல்களின் கீழே சுருட்டிய துண்டொன்றை வைத்துக்கொண்டு, குதிங்காலை மெல்ல உயர்த்தி, நிறுத்தி, மெல்லத் தாழ்த்துதல். ஒருநாள் விட்டு ஒருநாள். தென்மார்க்கு நாட்டில் ராத்லெப் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று மாத முடிவில் வெறும் நீட்டற் பயிற்சியினும் இது மிகுந்த பயன் தந்ததைக் காட்டிற்று. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையை எய்தினர் என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. எவ்வழியில் சென்றாலும் பெரும்பாலோர்க்கு ஓராண்டு அளவில் குணம் கிட்டிவிடுகிறது, பொறுமைதான் கிட்டுவதில்லை. நின்று வேலை செய்யும் இடத்தில் கித்தாப் பாய் ஒன்று விரித்துத் தருமாறு மகள் தம் மேற்பார்வையாளரிடம் கேட்டார். மூன்று முறை கேட்டபின் கிடைத்தது.

ஆசிரியப் பெருமக்கள் இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். கரும்பலகையின் முன் நாளெல்லாம் நிற்பவரும் இந்நோய்க்கு இலக்கானவரே. அதுமட்டுமன்று. விளையாட்டுப் போட்டிக் காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ‘சார், குதிங்கால் வலிக்குது’ என்று ஓடாமல் நின்றால், ஏய்க்கிறான் என்று முடிவுகட்டி மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. எட்டு முதல் பதினான்கு வயதுவரை குதிங்கால் எலும்பின் பின்புறம் வளரும் குருத்தாகவே இருக்கிறது. ஓட்டத்தில் கெண்டைத் தசை அதனைப் பற்றி இழுக்கும்போது நோகும். 1912இலேயே செவர் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை விளக்கியுள்ளார். சில வார ஓய்வில் தணியும். எலும்பு முதிர்ந்ததும் தானே மறையும். மூன்று சுற்று ஓட்டம் மட்டும் மருந்தாகாது.

அதே திடலில் மாலையில் பூப்பந்து ஆடும் நாற்பது வயது ஆசிரியர்க்கு நேரக்கூடியது வேறு. பின்னிருந்து எவரோ கட்டையால் அடித்தாற்போன்ற உணர்ச்சி. திரும்பிப் பார்த்தால் எவருமில்லை. கெண்டைக்காலைக் குதியோடு பிணைக்கும் நாண் அறுந்திருக்கும். உடலில் உள்ள நாண்களுள் மிகத் தடித்ததும் வலியதும் அதுவே. கிரேக்க வீரன் அகிலீசை அவன் தாய் குழந்தைப் பருவத்தில் தெய்வ ஆற்றில் தோய்த்தாளாம்; பற்றிய குதிங்கால் மட்டும் நனையாமையால் அங்கே அம்பு பாய்ந்து மாண்டான். அவன் பெயரையே அந்நாணுக்கு இட்டனர். நம் கண்ணன் கதையிலும் வேடன் ஒருவனின் அம்பு தைத்தது பாதத்தில்தான். எங்கோ இருந்த இரு மக்களுக்கும் வீரனின் உயிர்நிலை காலடியில் இருப்பதாய்த் தோன்றியது வியப்பே. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைத் தசையை அழுத்தினால் பாதம் அசைய வேண்டும். அசையவில்லையேல் நாண் அறுந்தது என்று அறிந்து, தைலம் தேய்த்துக் காலம் போக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். அறாமல் நாட்பட நோகும் நாணுக்கோ, சுவீடன் நாட்டு ஆல்பிரெட்சன் 1998இல் காட்டிய வழி உண்டு. படி விளிம்பில் நின்று குதியை மெல்லத் தாழ்த்தும் பயிற்சி அது; நாளைக்கு 180 முறை, பன்னிரண்டு வாரம். கூரையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து குதிங்காலில் ஊன்றியவருக்குக் குதி எலும்பு நொறுங்கியிருக்கலாம்; அவர்க்கு முதுகெலும்பையும் மற்றக் குதியையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். வேலையிடத்து விபத்தானால் சொக்சோவுக்குத் தெரிவிப்பதையும் மறத்தலாகாது. அது 1971 முதல் நம் தொழிலாளர்க்கென இயங்கி வருகிறது. பால்மரக்காட்டில் அதற்கும் முன்பு கால் ஒடிந்தோர் பெற்ற இழப்பீட்டைப் பற்றித் தனியே ஒரு கட்டுரைதான் எழுத வேண்டும்.

இப்போது அவ்வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கே விளக்கு எரிகிறது. மகள் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, காலைக் கால்மேல் போட்டு, விரல்களைப் பிடித்து இழுத்தபடி பத்து எண்ணுகிறார். எதிரே அம்மையார் தரையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலக்குதியில் ஐம்பது காசளவாய்ப் பளபளக்கும் தழும்பை உற்றுப் பார்க்கிறார்.

“வலிக்குதாடி?”

“கொஞ்சம் வலிக்குதும்மா.”

“கொடுத்து வச்சவ” என்கிறார் அம்மையார். இருவரும் சிரிக்கின்றனர். பிறகு மகள் பாதத்தைத் தரையில் மெல்ல ஊன்றி எழுகிறார். தெருமுனையில் தொழிற்சாலைப் பேருந்தின் ஒலி கேட்கிறது.